பதற்றத்துக்கு மருந்தா, பேச்சு சிகிச்சையா, சுயபயிற்சியா: எதை முதலில் தேர்ந்தெடுப்பது?

மாதக்கணக்கில் விடாமல் தொடரும் பதற்றத்தோடு ஒருவர் உதவி தேடத் தொடங்கும்போது, அவர் முன்னால் பெரும்பாலும் மூன்று வழிகள் வைக்கப்படுகின்றன. மருந்து எடுத்துக்கொள்ளலாம், உளவியலாளரிடம் சென்று பேச்சு வழியிலான சிகிச்சையை மேற்கொள்ளலாம், மூச்சுப் பயிற்சி, தியானம், உடற்பயிற்சி, நூல்கள், செயலிகள் ஆகியவற்றின் துணையோடு தாமாகவே சமாளிக்கலாம். ஒவ்வொரு வழிக்கும் உறுதியான ஆதரவாளர்கள் உண்டு. அவர்களில் பலர் மற்ற இரண்டையும் ஐயத்தோடுதான் பார்க்கிறார்கள். முடிவெடுக்க வேண்டியவரோ, முடிவெடுப்பதையே பெரும்பாடாக்கும் ஒரு நிலையில் இருக்கிறார். அவருடைய இடத்திலிருந்து இந்த வழிகளை அருகருகே வைத்துப் பார்க்க முயல்கிறேன். எது விரைவில் நிம்மதி தரும் என்பதை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் தேர்வு தவறிப்போக நிறைய வாய்ப்பு உண்டு என்பது என் கருத்து. அதற்கான காரணம், பதற்றம் தன்னைத்தானே எப்படித் தக்கவைத்துக்கொள்கிறது என்பதில் இருக்கிறது.

பதற்றம் வளரும் விதம்

ஆபத்தை உணர்ந்த உடலில் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு விரைவாகிறது, செரிமானம் மந்தமாகிறது, தசைகள் இறுகுகின்றன. எதிர்த்து நிற்பதற்கோ ஓடித் தப்புவதற்கோ உடல் செய்யும் ஆயத்தம் இது என்று அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன் 1915இல் விளக்கினார். இந்த ஆயத்தத்தில் நோய் எதுவும் இல்லை. தேர்வுக்கு முந்தைய நாள் வரும் பதற்றமும், உறவினர் ஒருவரின் மருத்துவ முடிவுக்காகக் காத்திருக்கும்போது வரும் பதற்றமும் சிகிச்சை தேவைப்படாதவை. ஆபத்து இல்லாத இடத்திலும் அது எழும்போது, எழுந்தபின் அடங்காதபோது, அதனால் வேலையும் உறக்கமும் உறவுகளும் சிதையத் தொடங்கும்போதுதான் அதைக் கோளாறு என்கிறோம். எதைப் பற்றியும் ஓயாமல் கவலைப்படும் பொதுப் பதற்றக் கோளாறு என்று ஒன்றை வகைப்படுத்த, அந்த நிலை குறைந்தது 6 மாதங்கள் நீடித்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு வைத்திருக்கும் வரையறை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2019இல் 30 கோடிக்கும் மேற்பட்டோர் ஏதோ ஒரு பதற்றக் கோளாறோடு வாழ்ந்தார்கள். சிகிச்சை பெறுபவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒருவர்தான்.

இயல்பான எச்சரிக்கை உணர்வு ஏன் சிலரிடம் கோளாறாக நிலைபெறுகிறது என்பதற்குப் பல காரணங்கள் உண்டு. மரபுக்கூறும் குழந்தைப் பருவ அனுபவங்களும் அவற்றில் அடங்கும். ஆனால் அது ஏன் குறையாமல் தொடர்கிறது என்ற கேள்விக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான விடை, தவிர்ப்பு. 1940களில் ஹோபார்ட் மவ்ரர் என்ற உளவியலாளர் முன்வைத்த இரு காரணிக் கோட்பாடு இதைத் தெளிவாகக் கூறுகிறது: அச்சம் ஓர் அனுபவத்தோடு ஒட்டிக்கொள்வது முதல் கட்டம்; அந்த அனுபவத்தைத் தவிர்க்கும்போது கிடைக்கும் நிம்மதி, தவிர்ப்பதையே பழக்கமாக்கிவிடுவது இரண்டாம் கட்டம். கூட்டத்தில் பேச அஞ்சுபவர் உடல்நலக் குறைவைச் சொல்லி விலகிக்கொள்கிறார். விலகிய கணமே மனம் இலேசாகிறது. "விலகியதால்தான் தப்பித்தேன்" என்று மூளை கற்றுக்கொள்கிறது. பேசியிருந்தால் பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது என்பதை அறியும் வாய்ப்பு அந்த மூளைக்குக் கிடைக்காமலே போகிறது. தவிர்ப்பு தரும் நிம்மதி வட்டிக்கு வாங்கிய கடனைப் போன்றது. அடுத்த முறை கட்ட வேண்டிய தொகை கூடியிருக்கும்.

தவிர்ப்பு எப்போதும் வெளிப்படையாக இருப்பதில்லை. துணை இல்லாமல் வெளியே போகாதிருப்பது, எந்த அரங்கிலும் வாசலுக்கு அருகிலேயே உட்காருவது, நாடித்துடிப்பை அடிக்கடி எண்ணிப் பார்ப்பது, நோய் அறிகுறிகளை இணையத்தில் தேடுவது, "ஒன்றும் ஆகாதல்லவா?" என்று நெருங்கியவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டு உறுதிபெறுவது ஆகிய அனைத்தும் தவிர்ப்பின் மறைமுக வடிவங்களே. உளவியலாளர்கள் இவற்றைப் பாதுகாப்பு நடத்தைகள் என்பார்கள். ஆகவே, ஒரு சிகிச்சை வழியை எடைபோடும்போது நான் முதலில் கேட்பது இதுதான்: இது தவிர்ப்பைக் குறைக்கிறதா, அல்லது தவிர்ப்பின் இன்னொரு நாகரிகமான வடிவமாக மாறிவிடுகிறதா?

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் செய்ய வேண்டியவை

எந்த வழியில் இறங்குவதற்கு முன்பும் ஒரு பொது மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. தைராய்டு மிகையாகச் சுரப்பது, இதயத்துடிப்புச் சீரின்மை, இரத்தசோகை ஆகியவை பதற்றத்தைப் போலவே தோற்றமளிக்கலாம். ஆஸ்துமாவுக்கான சில மருந்துகளும், மூக்கடைப்புக்கான மாத்திரைகளும், அளவு மீறிய காப்பியும் படபடப்பை உண்டாக்கும். மதுவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்: பதற்றத்தைத் தணிக்கக் குடிப்பவர்கள் ஏராளம், குடித்த இரவில் தணிவு கிடைப்பதும் உண்மை, ஆனால் மதுவின் தாக்கம் இறங்கும்போது மூளை முன்னைவிடக் கிளர்ச்சியடைவதால், மறுநாள் காலையின் பதற்றம் முந்தைய நாளைவிட மோசமாக இருக்கும். தவிர்ப்பின் கடன் கணக்கு இதைவிட வெளிப்படையாகத் தெரியும் இடம் வேறில்லை. நெஞ்சுவலி முதன்முறையாக வந்திருந்தால் அது பீதித் தாக்கம் (திடீரென்று எழுந்து சில நிமிடங்களில் உச்சத்தைத் தொடும் அச்சம்) என்று தாமே முடிவுகட்டாமல் உடனே மருத்துவ உதவி பெற வேண்டும். தற்கொலை எண்ணங்கள் எழுந்தால் இந்த ஒப்பீடுகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு, அன்றே, அந்த மணியிலேயே நம்பகமான ஒருவரிடம் சொல்லி அவசர உதவியை நாட வேண்டும்.

கடுமையை அளக்க எளிய கருவி ஒன்று உண்டு. ஜி.ஏ.டி-7 என்ற ஏழு கேள்விப் படிவம் 2006இல் வெளியானது. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிக் கேட்கிறது. ஒவ்வொரு விடைக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 21. ஐந்து முதல் இலேசானது, பத்து முதல் நடுத்தரம், பதினைந்து முதல் கடுமையானது என்று கொள்கிறார்கள். அதைக் கொண்டு நோயை உறுதிப்படுத்த முடியாது. ஆனால் சிகிச்சை தொடங்கிய பின் முன்னேற்றம் இருக்கிறதா என்று மாதந்தோறும் ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வசதியான அளவை கிடைப்பதரிது.

எந்த வகைப் பதற்றம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பொதுக் கவலை, பீதித் தாக்கம் திரும்பத் திரும்ப வரும் பீதிக் கோளாறு, பிறர் முன்னிலையில் எழும் சமூக அச்சம், குறிப்பிட்ட ஒன்றின் மீதான அச்சம் ஆகியவற்றுக்குப் பொருந்தும் சிகிச்சைகளில் வேறுபாடு உண்டு. எண்ணச் சுழற்சி நோயும் (ஓ.சி.டி.), அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறும் முன்பு இதே குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்தாலும் 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு அவற்றைத் தனி அத்தியாயங்களுக்கு மாற்றிவிட்டது. அவற்றின் சிகிச்சையும் தனி. இக்கட்டுரை அவற்றைப் பேசவில்லை.

தாமாகவே சமாளிப்பது

இலேசான பதற்றத்துக்கு இதுவே சரியான முதற்படி என்பதில் பெரிய கருத்துவேறுபாடு இல்லை. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2011இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் பொதுப் பதற்றத்துக்குப் படிப்படியான அணுகுமுறையையே பரிந்துரைக்கிறது: முதலில் நிலைமையை விளக்கிச் சொல்லிக் கவனிப்பது, அடுத்து வழிகாட்டுதலோடு கூடிய சுயபயிற்சி, அதன் பின்பே தீவிரமான பேச்சு சிகிச்சையோ மருந்தோ. செலவு குறைவு, பக்கவிளைவு இல்லை, காத்திருக்க வேண்டியதில்லை என்பவை இந்த வழியின் வலிமைகள்.

சிக்கல் என்னவென்றால், "சுயபயிற்சி" என்ற தலைப்பின் கீழ் தரத்தில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடுள்ளவை ஒன்றாகக் கிடக்கின்றன. சீரான உடற்பயிற்சி பதற்றத்தை ஓரளவு குறைக்கிறது என்பதற்குச் சான்றுகள் உண்டு. அதோடு, படபடக்கும் இதயமும் வாங்கும் மூச்சும் ஆபத்தின் அறிகுறிகள் அல்ல என்பதை உடலுக்கே கற்றுத்தரும் கூடுதல் பயனும் அதில் இருக்கிறது. ஓயாத கவலைக்கு, தாமஸ் போர்கோவெக்கும் உடன் ஆய்வாளர்களும் 1980களில் சோதித்த எளிய முறை ஒன்று இன்றும் பயனுள்ளது: நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் அரை மணி நேரத்தைக் கவலைப்படுவதற்கென்றே ஒதுக்கி, மற்ற வேளைகளில் எழும் கவலைகளை அந்த நேரத்துக்குத் தள்ளிவைப்பது. கவலையை நிறுத்தச் சொல்வதைவிட ஒத்திவைக்கச் சொல்வது நடைமுறைக்கு ஏற்றது. நிறுத்த முயலும் எண்ணம் கூடுதல் வேகத்தோடு திரும்பி வரும் என்பது பலரும் அனுபவத்தில் அறிந்ததுதான்.

மூச்சுப் பயிற்சியைப் பற்றி நான் சற்று எச்சரிக்கையாகவே சொல்வேன். மெதுவாக மூச்சை விடுவது உடலைத் தணிக்கிறது என்பது உண்மை. ஆனால் பீதித் தாக்கம் உள்ள ஒருவர், "இந்தப் பயிற்சியைச் செய்யாவிட்டால் மயங்கி விழுந்துவிடுவேன்" என்ற நம்பிக்கையோடு அதைச் செய்தால், அது சிகிச்சையாக இல்லாமல் பாதுகாப்பு நடத்தையாகிவிடுகிறது. அறிகுறிகளை விரட்டும் கருவியாக அதைப் பயன்படுத்துகிறாரா, அல்லது அறிகுறிகள் இருக்கும்போதே செய்ய வேண்டியதைச் செய்யத் துணையாகக் கொள்கிறாரா என்பதில்தான் வேறுபாடு.

தியானத்தைச் சுயபயிற்சிப் பட்டியலின் ஓரத்தில் ஒதுக்கிவைத்துப் பேசுவது வழக்கம். அது நியாயமன்று. ஜான் கபாட்-சின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மனக்கவனப் பயிற்சித் திட்டத்தை, முன்னணி மருந்துகளில் ஒன்றான எஸ்சிட்டலோபிராமோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2022இன் இறுதியில் வெளியானது. பதற்றக் கோளாறு உள்ள 276 பேர் சீட்டுக் குலுக்கல் போன்ற முறையில் இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். 8 வாரங்களின் முடிவில் இரு குழுக்களிலும் நோயின் கடுமை ஏறத்தாழ ஒரே அளவு குறைந்திருந்தது. பயிற்சி மருந்தைவிடத் தாழ்ந்ததல்ல என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தார்கள். பக்கவிளைவுகள் மருந்துக் குழுவில் மிக அதிகம். ஆனால் இந்த முடிவைக் கைபேசியில் ஐந்து நிமிடம் கண்மூடி உட்காருவதற்கான சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த ஆய்வில் பயிற்சி பெற்றவர்கள் வாரந்தோறும் இரண்டரை மணி நேர வகுப்புக்கு ஆசிரியரிடம் சென்றார்கள். ஒரு விடுமுறை நாளைப் பயிற்சியிலேயே கழித்தார்கள். வீட்டில் நாள்தோறும் 45 நிமிடம் பயிற்சி செய்யவும் கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். அவ்வளவு நேரத்தைத் தர முடிந்தவருக்கு இது உண்மையான மாற்று. முடியாதவருக்கு இது பெயரளவில் மட்டுமே மாற்று.

சுயபயிற்சிக்கு ஒரு காலவரம்பு வைப்பது அவசியம் என்று கருதுகிறேன். ஆறு முதல் எட்டு வாரங்கள் உண்மையான முயற்சி செய்த பின்னும் மதிப்பெண் இறங்காவிட்டால், அல்லது தவிர்க்கும் இடங்களின் பட்டியல் நீண்டுகொண்டே போனால், அடுத்த படிக்குச் செல்வதற்கான அடையாளம் அது. "இன்னும் கொஞ்சம் முயன்று பார்க்கிறேன்" என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவதும் தவிர்ப்புதான். விடாமுயற்சி என்று பாராட்டும் பெறுவதால் அதை இனங்காண்பது கடினம்.

பேச்சு சிகிச்சை

பேச்சு சிகிச்சைகளில் பதற்றத்துக்கு மிக வலுவான சான்றுகள் கொண்டது அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, சி.பி.டி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1950களில் ஜோசப் வோல்பே, அஞ்சும் பொருளைப் படிப்படியாக நெருங்கச் செய்யும் முறையை உருவாக்கினார். 1960களிலிருந்து ஆரன் பெக், எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கும் முறையை வளர்த்தார். இவ்விரு ஓடைகளும் சேர்ந்ததே இன்றைய சிகிச்சை. 1986இல் டேவிட் கிளார்க் பீதித் தாக்கத்துக்குத் தந்த விளக்கம் இதன் போக்கைப் புரிந்துகொள்ள உதவும்: தீங்கற்ற ஓர் உடல் உணர்வை, அதாவது ஒரு படபடப்பையோ தலைச்சுற்றலையோ, மாரடைப்பின் தொடக்கமாகப் புரிந்துகொள்கிறோம், அந்தப் புரிதல் அச்சத்தைக் கூட்டுகிறது, அச்சம் படபடப்பைக் கூட்டுகிறது, சில நிமிடங்களில் அது உச்சத்தைத் தொடுகிறது. சிகிச்சையில் இந்த வளையம் வேண்டுமென்றே சோதிக்கப்படுகிறது. சுழல் நாற்காலியில் சுற்றியும், வேகமாக மூச்சு வாங்கியும், படிகளில் ஏறி இறங்கியும் அதே உணர்வுகளை வரவழைத்து, அஞ்சியது நடக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

இந்த எதிர்கொள்ளல் பயிற்சிதான் சிகிச்சையின் இதயம் என்று நான் நினைக்கிறேன். முன்பு, அச்சம் தானாகக் குறையும்வரை அந்தச் சூழலில் இருக்க வேண்டும் என்பதையே வலியுறுத்தினார்கள். மிஷெல் கிராஸ்க் போன்ற ஆய்வாளர்களின் பணிக்குப் பிறகு அழுத்தம் சற்று மாறியிருக்கிறது: அச்சம் குறைந்ததா என்பதைவிட, எதிர்பார்த்த கேடு நடக்கவில்லை என்ற வியப்பு பதிந்ததா என்பதே முக்கியம். பழைய அச்சம் அழிவதில்லை. அதை அடக்கக்கூடிய புதிய கற்றல் அதன் மேல் உருவாகிறது. அதனால்தான் ஒரே இடத்தில் பழகுவதைவிடப் பல இடங்களிலும் பல வேளைகளிலும் பழகுவது நிலைத்த பயன் தருகிறது.

குறிப்பிட்ட ஒன்றின் மீதான அச்சத்துக்கு இந்த வழியோடு போட்டியிட வேறெதுவும் இல்லை. நாய், சிலந்தி, உயரம் போன்றவற்றின் மீதான அச்சத்துக்கு, சுவீடனைச் சேர்ந்த லார்ஸ்-யோரன் ஊஸ்ட் வகுத்த முறையில் அதிகபட்சம் மூன்று மணி நேரம் நீளும் ஒரே அமர்வு பலருக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. (இரத்தத்தையும் ஊசியையும் கண்டு மயங்குபவர்கள் மட்டும் விதிவிலக்கு: அவர்களுக்கு இரத்த அழுத்தம் திடீரென்று சரிவதால், தசைகளைத் தளர்த்தாமல் இறுக்கிப் பழக வேண்டும். எல்லாப் பதற்றத்துக்கும் "தளர்ந்திரு" என்பதே மருந்து என்று எண்ணுபவர்கள் இதைக் கவனிக்கலாம்.) பீதிக் கோளாறுக்கும் சமூக அச்சத்துக்கும் பயன் மிக நன்று. பொதுப் பதற்றத்துக்குப் பயன் உண்டு, ஆனால் பாதை நீளமானது. நைஸ் வழிகாட்டுதல் வாரம் ஒரு மணி நேரம் வீதம் 12 முதல் 15 அமர்வுகளைக் குறிப்பிடுகிறது.

இந்த வழியின் குறைகளையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முதல் சில வாரங்களில் பதற்றம் குறையாமல் கூடவும் செய்யலாம், ஏனென்றால் இதுவரை விலகி நடந்தவற்றை நோக்கியே நடக்கச் சொல்கிறார்கள். அமர்வுகளுக்கு இடையிலான நாட்களில் பயிற்சி செய்யாதவருக்கு அமர்வுகளால் பெரிய பயன் இல்லை. தகுதியான சிகிச்சையாளரைக் கண்டுபிடிப்பதும் எளிதன்று. அதைவிடப் பெரிய சிக்கல், சி.பி.டி. என்ற பெயரில் நடப்பவை எல்லாம் சி.பி.டி. அல்ல என்பது. அன்பாகக் கேட்டு ஆறுதல் சொல்லி அனுப்பும் அமர்வுகள் மனத்துக்கு இதமாக இருக்கும். ஆனால் வாரந்தோறும் ஒரு மணி நேரம் உறுதிமொழி பெற்றுத் திரும்புவதாக அவை மாறினால், தவிர்ப்பு அந்த அறைக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டது என்று பொருள். முதல் சந்திப்பிலேயே சிகிச்சையாளரிடம் கேட்கத் தயங்க வேண்டாதவை சில: என்னுடையது எந்த வகைப் பதற்றம் என்று கருதுகிறீர்கள், எத்தனை அமர்வுகளில் என்ன மாற்றத்தை எதிர்பார்க்கலாம், எதிர்கொள்ளல் பயிற்சி உண்டா, முன்னேற்றத்தை எப்படி அளப்பீர்கள். இக்கேள்விகளுக்குத் தெளிவான விடை தராதவரிடம் பல மாதங்களைச் செலவிடுவது வீண்.

நேரில் செல்ல இயலாதவர்களுக்கு இணையவழிச் சி.பி.டி. உண்டு. பின்னால் ஒரு சிகிச்சையாளர் இருந்து வாரம் ஒருமுறையாவது கருத்துச் சொல்லி ஊக்கப்படுத்தும் வடிவங்களின் முடிவுகள், நேர்முகச் சிகிச்சையின் முடிவுகளுக்கு வியக்கத்தக்க வகையில் நெருங்கி வருகின்றன. யாருடைய துணையும் இல்லாதவற்றைப் பாதியில் விட்டுவிடுபவர்களே அதிகம்.

மருந்து

"மருந்து" என்று ஒருமையில் பேசுவதே பல குழப்பங்களுக்குக் காரணம். பதற்றத்துக்கு எழுதிக் கொடுக்கப்படும் மருந்துகளில் குறைந்தது மூன்று வகைகள் உண்டு. அவை ஒன்றுக்கொன்று மாற்றாகக் கொள்ளத்தக்கவை அல்ல.

முதல் வகை, மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளின் மீது செயல்படும் செர்ட்ரலின், எஸ்சிட்டலோபிராம் போன்ற எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்துகளும், வென்லாஃபாக்சின், டுலாக்செட்டின் போன்ற அவற்றின் உறவு மருந்துகளும். மனச்சோர்வுக்கான மருந்துகள் என்று பெயர் பெற்றிருந்தாலும் பதற்றத்துக்கும் இவையே இன்று முதல்நிலை. இவை தினந்தோறும் எடுக்க வேண்டியவை. பதற்றம் வரும்போது மட்டும் விழுங்குவதற்கானவை அல்ல. பயன் தெரிய பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்களாகும், சிலருக்கு அதற்கும் மேல். தொடங்கிய முதல் ஒன்றிரண்டு வாரங்களில் குமட்டல், உறக்கக் குலைவு ஆகியவற்றோடு பதற்றமே சற்றுக் கூடலாம். இதை முன்கூட்டியே சொல்லாததால் மருந்தை மூன்றாம் நாளே தூக்கி எறிந்தவர்கள் பலர். அதனால்தான் பதற்றக் கோளாறில் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டுவார்கள். பாலியல் விருப்பத்திலும் உச்சத்திலும் ஏற்படும் குறைவு இம்மருந்துகளின் அடிக்கடி நேரும், குறைவாகப் பேசப்படும் பக்கவிளைவு. மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றிப் பார்க்க வழி உண்டு. இளையோரிடம் தற்கொலை எண்ணங்கள் கூடக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2004இல் கடும் எச்சரிக்கை விடுத்து, 2007இல் அதை 24 வயது வரையுள்ளவர்களுக்கும் நீட்டித்தது. இதனால் இளையோருக்கு மருந்தே கூடாது என்றாகாது. முதல் வாரங்களில் நெருக்கமான கண்காணிப்பு வேண்டும் என்றாகும்.

இரண்டாம் வகை, பென்சோடையசெபின்கள். குளோர்டையசெபாக்சைடு 1960லும் டயசெபாம் 1963லும் சந்தைக்கு வந்தபோது, அதற்கு முந்தைய ஆபத்தான தூக்க மருந்துகளோடு ஒப்பிட இவை பெரும் முன்னேற்றமாகத் தெரிந்தன. அல்பிரசோலாம், லோரசெபாம் ஆகியவையும் இக்குடும்பமே. அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் தணிவு தரும் இவை, விரைவு என்ற அளவுகோலில் மற்ற எல்லா வழிகளையும் வென்றுவிடும். அந்த அளவுகோல் தவறானது என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இவையே முதன்மைச் சான்று. சில வாரங்களிலேயே உடல் பழகிவிடுகிறது. நிறுத்தும்போது பதற்றம் முன்னைவிடக் கடுமையாக எழுகிறது. நீண்டகாலம் எடுத்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் வரலாம். மதுவோடோ ஓபியாய்டு வலி மருந்துகளோடோ சேர்ந்தால் மூச்சு அடங்கி உயிராபத்து நேரலாம். எதிர்கொள்ளல் பயிற்சியின்போது இதை விழுங்கிச் சென்றால், நன்றாக நடந்ததற்கான பெருமை மாத்திரைக்குப் போய்விடுகிறது. பையில் மாத்திரை இருப்பதே ஒரு பாதுகாப்பு நடத்தையாகிறது. பொதுப் பதற்றத்துக்கு நெருக்கடியான சிறு காலத்தைத் தவிர இவற்றைத் தரக் கூடாது என்று நைஸ் சொல்வதும், 2020இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பழக்கத்துக்கு அடிமையாவது பற்றிய எச்சரிக்கையை வலுப்படுத்தியதும் காரணமில்லாமல் அல்ல. ஏற்கெனவே மாதக்கணக்கில் எடுத்துவருபவர் இதைப் படித்துவிட்டு நாளையே நிறுத்திவிடக் கூடாது. மருத்துவரின் மேற்பார்வையில் மெதுவாகக் குறைப்பதே பாதுகாப்பானது.

மூன்றாவது, புரோபிரனலால் போன்ற மருந்துகள். இவை இதயத்துடிப்பையும் கை நடுக்கத்தையும் மட்டுப்படுத்தும். கவலை எண்ணங்களைத் தொடுவதில்லை. மேடையில் வாசிக்கும் இசைக்கலைஞருக்கு எப்போதாவது பயன்படலாம். ஆஸ்துமா உள்ளவர்கள் எடுக்கக் கூடாது. தொடரும் பதற்றக் கோளாறுக்கு இதைச் சிகிச்சையாகக் கருத முடியாது. பஸ்பிரோன், பிரெகாபலின் ஆகியவை முதல் வகை ஒத்துவராதவர்களுக்கு மருத்துவர் பரிசீலிக்கும் மாற்றுகள்.

ஆக, பேச்சு சிகிச்சையோடு ஒப்பிடத் தகுந்தது முதல் வகை மட்டுமே. அந்த ஒப்பீட்டில், சிகிச்சை நடக்கும் காலத்தில் இரண்டின் பயனும் பெரும்பாலும் சமமே. வேறுபாடு தெரிவது பின்னால்: பேச்சு சிகிச்சையில் கற்றது சிகிச்சை முடிந்த பின்னும் கையிலிருக்கிறது, மருந்தின் பயன் அதை எடுக்கும்வரை. பயன் தந்த மருந்தைக் குறைந்தது ஓராண்டு தொடரச் சொல்வதும் மீள்வருகையின் வாய்ப்பைக் கருதியே. மறுபக்கத்தில், மருந்து யாரிடமும் துணிவைக் கேட்பதில்லை. படுக்கையிலிருந்து எழ முடியாதவருக்கு அதுவே பெரிய உதவி.

இரண்டையும் சேர்த்தால்?

இரண்டும் சேர்ந்தால் இருமடங்கு பயன் என்று எண்ணத் தோன்றும். சான்றுகள் அவ்வளவு எளிதான விடையைத் தரவில்லை. 7 முதல் 17 வயதுள்ள 488 பேரைக் கொண்டு நடத்தி 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 12 வாரங்களுக்குப் பின் கூட்டுச் சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ 81 விழுக்காட்டினர் நன்கு தேறினர், சி.பி.டி. மட்டும் பெற்றவர்களில் 60, செர்ட்ரலின் மட்டும் பெற்றவர்களில் 55, போலி மாத்திரை பெற்றவர்களில் 24 விழுக்காடு. இளையோருக்குக் கூட்டுச் சிகிச்சையின் மேன்மை இதில் தெளிவு. ஆனால் பீதிக் கோளாறு உள்ள 312 பெரியவர்களைக் கொண்டு டேவிட் பார்லோவும் உடன் ஆய்வாளர்களும் நடத்தி 2000இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. இமிப்ரமின் என்ற பழைய மருந்தையும் சி.பி.டி.யையும் சேர்த்துப் பெற்றவர்கள் சிகிச்சையின்போது நன்றாக இருந்தாலும், எல்லாம் நிறுத்தப்பட்டு ஆறு மாதங்களான பின், சி.பி.டி. மட்டும் பெற்றவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள். மருந்தின் துணையோடு கற்றது மருந்து நின்றதும் தளர்ந்துபோவதே காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். ஆகவே கூட்டுச் சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பவர், மருந்தை நிறுத்தும் காலத்திலும் அதன் பின்னும் சில அமர்வுகளை மிச்சம் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

யாருக்கு எது

குறிப்பிட்ட ஒன்றின் மீதான அச்சம் மட்டுமே இருந்தால் எதிர்கொள்ளல் பயிற்சி. இதில் மருந்துக்கு வேலையில்லை. பீதித் தாக்கமோ சமூக அச்சமோ இருந்து, வேலைக்கும் வெளியிலும் தட்டுத்தடுமாறியாவது போய்வர முடிகிறது என்றால், பேச்சு சிகிச்சையை முதலில் வைப்பேன். தகுதியான சிகிச்சையாளர் எட்டும் தொலைவில் இல்லை, அல்லது காத்திருப்பு பல மாதங்கள் என்றால், இணையவழிச் சி.பி.டி.யோ எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்தோ சமரசமல்ல, நல்ல தேர்வே. பதற்றத்தோடு ஆழ்ந்த மனச்சோர்வும் சேர்ந்திருந்தாலும், உறக்கமும் உணவும் குலைந்து அமர்வுகளுக்குச் செல்லவே வலு இல்லாவிட்டாலும், மருந்தில் தொடங்கி, சற்றுத் தேறியதும் பேச்சு சிகிச்சையைச் சேர்ப்பது சரி. கருவுற்றிருப்பவர்களும் கருவுறத் திட்டமிடுபவர்களும் இந்த ஒப்பீட்டை மருத்துவரோடு சேர்ந்தே செய்ய வேண்டும். ஏற்கெனவே எடுத்துவரும் மருந்தை அச்சத்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்தாகலாம். பொதுப் பதற்றத்தில் இரண்டும் ஏறத்தாழ சமம் என்பதால் நைஸ் வழிகாட்டுதலே தேர்வை நோயாளியின் விருப்பத்துக்கு விடுகிறது. அங்கே, தொடர்ந்து செய்ய முடியும் என்று ஒருவர் நம்பும் வழியே அவருக்கு ஏற்ற வழி.

எதைத் தேர்ந்தாலும் 12 வாரங்களில் ஒரு மறுபரிசீலனை வேண்டும். அதற்குள் போதிய மாற்றம் இல்லையென்றால், "எனக்கு எதுவுமே பலிக்காது" என்ற முடிவுக்குத் தாவுவதற்கு முன் சிலவற்றைச் சரிபார்க்கலாம். மருந்து போதிய அளவில் போதிய வாரங்கள் எடுக்கப்பட்டதா? சிகிச்சையில் எதிர்கொள்ளல் உண்மையிலேயே நடந்ததா, அல்லது அதைப் பற்றிய பேச்சு மட்டும் நடந்ததா? பின்னணியில் மதுவோ, கவனிக்கப்படாத எண்ணச் சுழற்சி நோயோ, இருமுனைக் கோளாறோ இருக்கிறதா? ஓர் எஸ்.எஸ்.ஆர்.ஐ. பலிக்காதவருக்கு அதே வகையின் இன்னொன்று பலிப்பது அரிதன்று. மருந்து பலிக்காதவருக்குப் பேச்சு சிகிச்சை பலிப்பதும் அப்படியே.

மருந்தை நிறுத்தும் முடிவுக்கும் தேர்ந்தெடுத்த முடிவைப் போலவே திட்டம் வேண்டும். வேலை மாற்றம், துக்கம், தேர்வு போன்ற நெருக்கடிகள் இல்லாத காலமாகப் பார்த்து, மருத்துவரோடு பேசி, வாரங்கள் அல்லது மாதங்களின் கால அளவில் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். குறைத்த சில நாட்களுக்குள் தலைச்சுற்றல், எரிச்சல், மின்சாரம் பாய்ந்தாற்போன்ற உணர்வு, வித்தியாசமான கனவுகள் வந்தால், அவை பெரும்பாலும் மருந்து விலகுவதன் விளைவுகள். குறைக்கும் வேகத்தைத் தளர்த்தினால் அடங்கும். பல வாரங்கள் நன்றாக இருந்துவிட்டு, பழைய கவலைகள் பழைய வடிவிலேயே மெல்லத் திரும்பினால் அது நோயின் மீள்வருகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அப்போது மருந்தைத் திரும்பத் தொடங்குவதா, இதுவரை முயலாத பேச்சு சிகிச்சைக்குச் செல்வதா என்று மருத்துவரோடு மீண்டும் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும்.